இல்லத்தில் வளரும் பிள்ளையின் அப்பா அம்மாவைத் தேடுவது எப்படி? செட்டிநாட்டுப் பகுதிக்கான முழு வழிகாட்டி

குழந்தைகள் இல்லத்தில் வளரும் பிள்ளை என்று கேள்விப்பட்டதுமே ‘பாவம், அநாதை’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் அந்தப் பிள்ளைகளில் பலருக்கு அப்பாவோ அம்மாவோ எங்கோ உயிரோடு இருக்கிறார்கள். அப்பா மலேசியாவுக்குப் போய்ப் பேச்சுவார்த்தை அற்றுப்போயிருக்கும். அம்மா அடி தாங்காமல் வீட்டை விட்டுப் போயிருப்பார். காளவாசல் வேலைக்குக் குடும்பமாகப் போன இடத்தில் பிள்ளை தவறிப் போயிருக்கும். தாத்தாவும் பாட்டியும் இறந்த பிறகு பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் பக்கத்து வீட்டார் கொண்டுவந்து விட்டிருப்பார்கள்.

இவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது அரசின் வேலைதான். ஆனால் ஊர்க்காரர்கள் கைகொடுக்காமல் அந்த வேலை நடக்காது. ஓர் அதிகாரிக்கு ஒரு மாவட்டம் முழுக்கப் பொறுப்பு. பள்ளத்தூரில் ஒரு தெருவில் யார் யாருக்கு என்ன உறவு என்பது அவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். ஆசிரியர், ஊராட்சி உறுப்பினர், அங்கன்வாடிப் பணியாளர், இல்லத்தில் வேலை செய்பவர், தன்னார்வலர், ஏன், பெரியப்பா மகனாகவோ ஒன்றுவிட்ட அத்தையாகவோ இருப்பவர்கூட இதில் உதவலாம். முறையாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

என் அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று. அப்பாவை நேராகத் தேடினால் பெரும்பாலும் கிடைக்க மாட்டார். அவரைச் சுற்றியுள்ள உறவைத் தேடினால் அவரும் கிடைப்பார், அவர் கிடைக்காவிட்டாலும் பிள்ளைக்கு ஒரு தாய்மாமனோ அப்பத்தாவோ கிடைப்பார். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வழியில்தான் போகும்.

முதலில்: யாரிடம் போவது

தனியாக நிற்கும் பிள்ளையைப் பார்த்தால், ‘நாமே விசாரித்து வீட்டில் சேர்த்துவிடுவோம்’ என்று உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்யுங்கள். அல்லது பக்கத்துக் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தியாக வேண்டும். இந்தக் குழுவில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். பிள்ளை எங்கே தங்க வேண்டும், பெற்றோரைத் தேட யார் என்ன செய்ய வேண்டும், கிடைத்தால் ஒப்படைக்கலாமா என்பதையெல்லாம் முடிவு செய்வது இந்தக் குழுதான். களத்தில் தேடுவது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, காவல்துறையின் சிறப்புச் சிறார் காவல் அலகு, பிள்ளை தங்கியிருக்கும் இல்லத்தின் சமூகப் பணியாளர் ஆகிய மூவர்.

செட்டிநாட்டில் இதில் ஒரு சிக்கல் உண்டு. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கமெல்லாம் சிவகங்கை மாவட்டம். கோனாபட்டு, ராயவரம், திருமயம் பக்கம் புதுக்கோட்டை மாவட்டம். ஊருக்கு ஊர் சம்பந்தம் செய்துகொள்வதும் வேலைக்குப் போவதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. ஆனால் நலக் குழுவும் பாதுகாப்பு அலகும் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. காரைக்குடியில் கிடைத்த பிள்ளையின் சொந்த ஊர் திருமயம் வட்டத்தில் இருந்தால், சிவகங்கைக் குழு புதுக்கோட்டைக் குழுவுக்கு எழுதி, அங்கிருந்து வீட்டு விசாரணை அறிக்கை வர வேண்டும். இந்த இடத்தில்தான் கோப்பு தூங்கிவிடும். எனவே தகவல் கொடுக்கும்போதே ஊர், ஊராட்சி, வட்டம், மாவட்டம் நான்கையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். இரண்டு மாவட்ட அலகுக்கும் நகல் அனுப்பச் சொல்லி ஒரு வரி கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊராட்சியில் கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். அது கூடுகிறதா என்று தலைவரிடம் கேளுங்கள். ஊருக்குள் விசாரிக்க அதைவிடப் பொருத்தமான வழி கிடையாது. தன்னார்வலராகத் தொடர்ந்து உதவ நினைப்பவர்கள் பாதுகாப்பு அலகில் பெயர் கொடுத்து, அவர்கள் சொல்லும் வரம்புக்குள் நின்று வேலை செய்ய வேண்டும். தனியாகத் துப்பறியப் புறப்படுவது பிள்ளைக்கே ஆபத்தாக முடியலாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கெடு ஓடிக்கொண்டிருக்கிறது

பலருக்குத் தெரியாத விஷயம் இது. தேடலுக்குச் சட்டத்தில் கால அளவு உண்டு. சமூக விசாரணை அறிக்கையை 15 நாளில் முடிக்க வேண்டும். குழு நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு போட வேண்டும். கைவிடப்பட்ட பிள்ளை, ஆதரவற்ற பிள்ளை என்றால் கெடு இன்னும் முக்கியம். இரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு இரண்டு மாதம், அதற்கு மேல் வயதானால் நான்கு மாதம். அதற்குள் பெற்றோர் கிடைக்கவில்லை என்றால் பிள்ளையைத் தத்துக் கொடுக்கத் தகுதியானவர் என்று குழு அறிவிக்கலாம். காவல்துறை அறிக்கை அந்தக் கெடுவுக்குள் வராவிட்டாலும் பெற்றோர் கண்டறிய முடியாதவர்கள் என்றே கொள்ளப்படும்.

கெடு வைத்ததில் தவறில்லை. யாருமே இல்லாத பிள்ளை வருஷக்கணக்கில் இல்லத்தில் கிடக்கக் கூடாது என்பதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அப்பத்தா ஒருத்தி நெற்குப்பையில் பேரனை நினைத்து அழுதுகொண்டிருக்க, இங்கே கோப்பில் ‘யாரும் இல்லை’ என்று எழுதப்படுவது கொடுமை. அதனால் முதல் இரண்டு வாரம்தான் தேடலின் உயிர். ‘திருவிழா முடியட்டும், அப்புறம் பார்ப்போம்’ என்று தள்ளாதீர்கள்.

தேடலின் முதல் வேலை, யாராவது இந்தப் பிள்ளையைத் தேடுகிறார்களா என்று பார்ப்பது. காணாமல்போன பிள்ளை பற்றிய புகார்களை முதல் தகவல் அறிக்கையாகப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் உத்தரவிட்டது. அதனால் புகார் இருந்தால் எங்கோ ஒரு பதிவு இருக்கும். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் இணையதளத்தில் காணாமல்போன பிள்ளைகள், கண்டெடுக்கப்பட்ட பிள்ளைகள் இரண்டு பட்டியலும் இருக்கின்றன. காரைக்குடி சந்திப்பில் கிடைத்த பிள்ளை என்றால் திருச்சி, மானாமதுரை, திருவாரூர் என்று மூன்று பக்கத்துத் தடத்திலும் உள்ள ரயில்வே போலீசாரிடம் கேட்கச் சொல்லுங்கள். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகும் நாட்களிலும், பிள்ளையார்பட்டி சதுர்த்தியிலும் கிடைத்த பிள்ளை வெகு தொலைவிலிருந்து வந்திருக்கலாம். அப்போது சிவகங்கைக்குள் மட்டும் தேடுவதில் பொருளில்லை.

பிள்ளையிடம் கேட்பது

இதைச் செய்ய வேண்டியவர் இல்லத்தின் சமூகப் பணியாளரோ, மனநல ஆலோசனை தரும் ஆற்றுப்படுத்துநரோதான். ஆனால் பிள்ளையோடு அதிக நேரம் இருப்பவர் சமையல்கார அம்மா, வார்டன், உடன் படிக்கும் பிள்ளைகள். அவர்கள் காதில் விழுவதுதான் பெரும்பாலும் உருப்படியான தகவல். அதை உடனே எழுதிவைக்கும் பழக்கம் வேண்டும்.

‘உன் அப்பா பெயர் என்ன, எந்த ஊர்’ என்று நாலு பேர் நாலு தடவை கேட்டால் பிள்ளை பயந்து எதையாவது சொல்லும். அதற்குப் பதிலாக விளையாட்டோடு, சாப்பாட்டோடு பேச்சை ஓடவிடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஊர்ப் பெயர் தெரியாது. ஆனால் இவையெல்லாம் தெரியும்:

- பாட்டியை எப்படிக் கூப்பிடும். அப்பத்தா, அம்மாச்சி, ஆயா, ஆத்தா, அவ்வா, நன்னி. குடும்பம் எந்தப் பக்கம், வீட்டில் என்ன பேச்சு என்று இதிலேயே பாதி தெரிந்துவிடும்.
- பஸ்ஸின் நிறம், பெயர். நம் பக்கத்துத் தனியார் பஸ், மினி பஸ் பெயர்களைப் பிள்ளைகள் மறப்பதில்லை. பஸ் பெயர் தெரிந்தால் வழித்தடம் தெரியும்.
- வீட்டுப் பக்கத்தில் என்ன இருந்தது. ரயில்வே கேட், ஊருணி, அரிசி ஆலை, பெரிய குதிரைச் சிலை உள்ள அய்யனார் கோயில்.
- யார் வீட்டில் டிவி பார்த்தது, யார் மிட்டாய் வாங்கிக் கொடுத்தது. அந்தப் பக்கத்து வீட்டு அக்காதான் பின்னால் உங்களுக்கு வழிகாட்டுவார்.
- பள்ளிக்கூடம். டீச்சர் பெயர், சீருடை நிறம்.
- கடைசியாக எந்தத் திருவிழாவுக்குப் போனது, யார் தோளில் உட்கார்ந்து பார்த்தது.

படம் வரையச் சொன்னாலும் நல்லது. வீட்டை வரையும் பிள்ளை, வீட்டில் இருப்பவர்களையும் வரையும். விட்டுப்போனவர் யார் என்பதும் ஒரு செய்திதான். ஆனால் அதற்கு நீங்களாக அர்த்தம் கற்பித்து எழுதாதீர்கள். பிள்ளை சொன்ன சொல் சொன்னபடியே, மேற்கோள் குறிக்குள், தேதியோடு இருக்கட்டும். ‘அப்பா தண்ணி வண்டியில போனாரு’ என்று பிள்ளை சொன்னால், தண்ணி லாரியா, போர் போடும் வண்டியா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம்.

ஒரு பிள்ளை பேச மறுத்தால் விட்டுவிடுங்கள். வீட்டை நினைத்தாலே நடுங்கும் பிள்ளையிடம் வீட்டு முகவரியைப் பிடுங்குவது உதவியாகாது. அந்த நடுக்கத்தைத்தான் குழுவுக்கு முதலில் சொல்ல வேண்டும்.

உறவைத் தேடுங்கள்

இந்தப் பகுதியில் அதிக நேரம் செலவிடுங்கள். பலன் இங்கேதான் கிடைக்கும்.

நம் ஊரில் ஆளைப் பெயரால் தேடினால் கிடைப்பது கஷ்டம். குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, தலைப்பெழுத்துதான். தமிழில் ‘மு’ என்று ஒரு பதிவில் இருப்பது இன்னொன்றில் ஆங்கில ‘எம்’ ஆகியிருக்கும். ஆதாரில் கருப்பையா, ஊரில் அவரை எல்லோரும் அழைப்பது வேறு ஏதோ பட்டப்பெயர். அந்த ஊரில் போய் ‘கருப்பையா யார்’ என்று கேட்டால் ஏழு பேரைக் காட்டுவார்கள், அல்லது யாருக்குமே தெரியாது என்பார்கள். ஆனால் ‘இன்ன இடத்தில் பெண் எடுத்தவர், இன்னாருக்குச் சகலை’ என்று கேட்டால் டீக்கடையிலேயே பதில் வந்துவிடும். சம்பந்தத்தை வைத்துத்தான் ஊர் ஆளை நினைவில் வைத்திருக்கிறது.

அதனால் ஒரு தாளில் பிள்ளையை நடுவில் எழுதி, அப்பா வழியும் அம்மா வழியும் இரண்டு பக்கமாக விரித்து ஓர் உறவுப் படம் போடுங்கள். தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். ஒவ்வொரு ஆளைச் சந்திக்கும்போதும் ‘உங்களைத் தவிர இந்தப் பிள்ளைக்கு வேறு யார் யார் இருக்கிறார்கள்’ என்று கேளுங்கள். அப்பா வீட்டார் அம்மா வீட்டாரைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள், சண்டை இருக்கும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவானவர் ஒருவர் இருப்பார். கல்யாணத்தை முடித்துவைத்த தரகரோ, தூரத்து அத்தையோ, அவரைப் பிடியுங்கள்.

அப்புறம் மொய் நோட்டு. இதைப் போன்ற உறவுப் பதிவேடு எந்த அலுவலகத்திலும் இல்லை. கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று எந்த விசேஷத்துக்கும் ஊர் வாரியாக, பெயர், தொகை, சில நேரம் தொழிலும் போன் எண்ணும் சேர்த்து எழுதிவைத்திருப்பார்கள். பிள்ளையின் பெரியப்பா வீட்டிலோ, பழைய பக்கத்து வீட்டிலோ அந்த நோட்டு இருந்தால், காணாமல்போன அப்பா எந்த ஊரிலிருந்து மொய் செய்தார் என்று பார்க்கலாம். பல பேர் சொந்த ஊரோடு பேச்சை முறித்துக்கொண்டாலும் வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்ய ஆள் மூலமாவது கொடுத்துவிடுவார்கள். அந்த ஆளிடம் புது முகவரி இருக்கும். அழைப்பிதழும் இதேபோலத்தான். காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரும் ஊரும் கட்டாயம் இருக்கும்.

குலதெய்வம் இன்னொரு வழி. பிள்ளைக்கோ உறவினருக்கோ குலதெய்வத்தின் பெயரும் இடமும் தெரிந்தால், அங்கே கூடும் பங்காளிகள் யார் என்று கோயில் பூசாரிக்குத் தெரியும். மாசி மகா சிவராத்திரிக்குப் பங்காளிகள் கூடுவார்கள், வரி போடுவார்கள், வரி நோட்டில் தலைக்கட்டு வாரியாகப் பெயர் இருக்கும். நகரத்தார் குடும்பம் என்றால் ஒன்பது நகரக் கோயில்களில் எந்தக் கோயில் என்று தெரிந்தாலே போதும். கல்யாணமான ஒவ்வொருவரும் அங்கே ‘புள்ளி’யாக, அதாவது ஒரு குடும்பக் கணக்காகப் பதிவாகியிருப்பார்கள். மற்றச் சமூகங்களில் பதிவு இவ்வளவு சீராக இருக்காது, ஆனால் பூசாரியின் நினைவு அதை ஈடுகட்டும்.

செட்டிநாட்டுக்கே உரிய இன்னொரு இடம் பெரிய வீடுகள். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் குடும்பம் தலைமுறையாக அங்கேயே இருக்கும், அல்லது நாலு வருடம் இருந்துவிட்டு வேறு ஊருக்குப் போயிருக்கும். வீட்டுக்கார ஆச்சியிடம் கேட்டால் ‘அவுக அம்மா ஊரு கல்லல் பக்கம்’ என்று சொல்லிவிடுவார். சமையல் வேலைக்குப் போகிறவர்களை மேஸ்திரி மூலம் தேடுங்கள். கல்யாணச் சீசனில் யார் எந்தக் குழுவோடு எந்த ஊருக்குப் போனார்கள் என்று அவர் கணக்கில் இருக்கும். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, அரிசி ஆலை, காளவாசல், கட்டட வேலை, போர் வண்டி, வடக்கே முறுக்குக் கம்பெனி எதுவானாலும் ஆளை அழைத்துப்போனவர் ஒருவர் இருப்பார், முன்பணம் கொடுத்தவரும் ஒருவர் இருப்பார். அவரிடம் நீங்கள் தனியாகப் போகாதீர்கள். கொத்தடிமை விவகாரமாக இருந்தால் ஆள் உஷாராகிக் குடும்பத்தையே இடம் மாற்றிவிடுவார். அதைப் பாதுகாப்பு அலகும் காவல்துறையின் ஆட்கடத்தல் தடுப்புப் பிரிவும் பார்த்துக்கொள்ளட்டும்.

பதிவேடுகள்: எதை யார் கேட்கலாம்

பொதுமக்கள் அரசுப் பதிவேடுகளைப் புரட்ட முடியாது. ஆனால் எந்தப் பதிவேட்டில் என்ன கிடைக்கும் என்று தெரிந்தால் அலகிடம் ‘இதைக் கேட்டீர்களா’ என்று நினைவூட்டலாம். குழுவின் கடிதம் இருந்தால் இந்த அலுவலகங்கள் பதில் சொல்லும்.

பள்ளிக்குப் போன பிள்ளை என்றால் முதலில் எமிஸ், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவு. தமிழ்நாட்டில் படிக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் எண் உண்டு. அதில் அப்பா அம்மா பெயர், போன் எண், முன்பு படித்த பள்ளி எல்லாம் இருக்கும். படிப்பை நிறுத்திய பிள்ளையின் பதிவு, எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களுக்கான ‘காமன் பூல்’ என்ற பொதுப் பட்டியலில் கிடக்கும். தலைமையாசிரியர் தேடினால் கிடைக்கும். பழைய பள்ளியில் அண்ணனோ அக்காவோ படித்திருந்தால் அவர்கள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போன பள்ளி எது என்று பாருங்கள். குடும்பம் இப்போது அந்தப் பக்கம்தான் இருக்கும்.

சின்னக் குழந்தை என்றால் கிராம சுகாதார செவிலியர். கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் (சுகாதாரத் துறையின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கினால்தான் பிறப்புச் சான்று என்பதால், தமிழ்நாட்டில் பிறந்த குழந்தையின் தாய் எங்கோ ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவாகியிருப்பார். தலைப்பிரசவம் என்றால் பெரும்பாலும் தாய்வீட்டு ஊரில்தான் பார்த்திருப்பார்கள். அந்த முகவரி அம்மாச்சி வீட்டுக்குக் கொண்டுபோய்விடும். தடுப்பூசி அட்டை துணிப்பையில் இருந்தால் பொக்கிஷம். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ரேஷன் கார்டைப் பலர் முகவரிக்காக மட்டும் பார்க்கிறார்கள். அந்த முகவரி பழையதாக இருக்கும். கேட்க வேண்டியது, கடைசியாக எந்தக் கடையில் பொருள் வாங்கினார்கள் என்பதை. 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டிலும் ஒரே நாடு ஒரே ரேஷன் வந்துவிட்டதால் வேறு ஊர்க் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம். வட்ட வழங்கல் அலுவலரிடம் இதைக் கேட்டால் குடும்பம் திருப்பூரிலா கோவையிலா என்று தெரியலாம். நூறு நாள் வேலை அட்டை விவரம் ஊராட்சி வாரியாக இணையத்திலேயே இருக்கிறது. குடும்ப உறுப்பினர் பெயர் சரிபார்க்க அது போதும்.

ஆதார் பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. கைரேகையை வைத்தால் முகவரி வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். ஆதார் ஆணையம் கைரேகைத் தேடல் செய்து யாருக்கும் கொடுக்காது. ஆனால் இல்லத்துப் பிள்ளைக்குப் புதிதாக ஆதார் பதியும்போது, ஏற்கெனவே ஐந்து வயதுக்குப் பிறகு கைரேகை கொடுத்திருந்தால் விண்ணப்பம் ‘இரட்டைப் பதிவு’ என்று நிராகரிக்கப்படும். நிராகரிக்கப்பட்டால் சந்தோஷப்படுங்கள். பழைய பதிவு ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். இல்லம் அந்த நிராகரிப்புச் சீட்டோடு குழு வழியாகப் பெங்களூருவில் உள்ள ஆதார் மண்டல அலுவலகத்துக்கு எழுத வேண்டும். நாட்டில் பல பிள்ளைகள் இப்படி வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் ஆதாரில் கைரேகை இருக்காது, அங்கே இந்த வழி உதவாது.

யாரும் கேட்க விரும்பாத இடங்கள் மூன்று உண்டு. சிறை, ஆஸ்பத்திரி, பிணவறை. பெற்றோர் ஏதாவது வழக்கில் ரிமாண்டில் இருக்கலாம், மதுரை, திருச்சி மத்திய சிறைகளில் காவல்துறை மூலம் கேட்கச் சொல்லுங்கள். மனநலம் குன்றி அலைந்த அம்மா ஏதாவது மறுவாழ்வு இல்லத்தில் பெயர் தெரியாதவராக இருக்கலாம். அடையாளம் தெரியாத உடல்கள் பற்றிய காவல் நிலையப் பதிவுகளையும் பார்க்கத்தான் வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் பிள்ளை வாழ்நாள் முழுக்க ‘என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க’ என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

அப்பா வெளிநாட்டில் என்றால்

கடல் கடந்து கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்யப் போனவர்களின் பூமி இது. பர்மாவும் மலேயாவும் இலங்கையும் அந்தக் காலம். இன்று சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா. போன இடத்தில் கம்பெனி மாறி, பெர்மிட் போய், கூச்சத்தில் போன் எண்ணை மாற்றியவர்கள் நிறைய. அவர்களைக் குற்றவாளி போலத் தேடாதீர்கள்.

பாஸ்போர்ட் நகல் ஒன்று வீட்டிலோ ஏஜென்டிடமோ இருக்கும். அது இல்லாவிட்டாலும் பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர் மூன்றும் சரியாக இருந்தால் போதும். சிவகங்கை மாவட்டத்துக்கு மதுரை பாஸ்போர்ட் அலுவலகம், புதுக்கோட்டைக்குத் திருச்சி. மலேசியாவும் வளைகுடா நாடுகளும் குடியேற்ற அனுமதி தேவைப்படும் பட்டியலில் உள்ளவை. அதனால் பத்தாவது தேறாமல் வேலைக்குப் போனவர் முறையாகப் போயிருந்தால் வெளிநாட்டு வேலைக்குப் போவோருக்கான மத்திய அரசின் இ-மைக்ரேட் பதிவில் முதலாளி பெயர் இருக்கும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. குழுவோ பாதுகாப்பு அலகோ எழுத வேண்டிய இடங்கள் மாநில அரசின் அயலகத் தமிழர் நல ஆணையரகமும், அந்த நாட்டு இந்தியத் தூதரகமும். வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்ற இணையதளத்தில் குடும்பத்தாரே புகார் பதியலாம்.

இத்தோடு அதே ஊரிலிருந்து அங்கே போன நாலு பேரை விசாரியுங்கள். பெரும்பாலும் ஆள் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரியும். ‘உன் மகன் இங்கே நன்றாக இருக்கிறான், இந்த எண்ணுக்குப் பேசு’ என்று மட்டும் சொல்லியனுப்புங்கள். எந்த இல்லம், எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம். அந்த எண் பாதுகாப்பு அலகின் எண்ணாக இருக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் படம் போடாதீர்கள்

‘இந்தக் குழந்தையின் பெற்றோரைத் தெரிந்தால் பகிரவும்.’ நல்லெண்ணம்தான், ஆனால் குற்றம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பாதுகாப்பில் உள்ள பிள்ளையின் பெயர், படம், பள்ளி, முகவரி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கைவிடப்பட்ட குழந்தையின் படத்தைப் பத்திரிகையில் வெளியிட முறை உண்டு. அதை உரிய அமைப்பு செய்யும். நீங்கள் அந்தப் பத்திரிகை விளம்பரத்தை உறவினரிடம் காட்டலாம், அவ்வளவே.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அடித்துத் துன்புறுத்திய கணவனிடமிருந்து தப்பிய தாய் பிள்ளையைப் பாதுகாப்பான இடத்தில் சேர்த்திருக்கலாம். உங்கள் பகிர்வு அந்த ஆளுக்கு வழிகாட்டிவிடும். தனியாகத் துப்பறியக் கூடாது என்று முன்பு சொன்னதும் இதனால்தான். அம்மா எங்கே என்று அப்பா வீட்டாரிடம் கேட்கலாம். அம்மா இருக்கும் இடம் தெரிந்த பிறகு அப்பா வீட்டாரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லக் கூடாது.

கண்டுபிடித்ததும் முதல் பேச்சு

ஆள் கிடைத்துவிட்டார். இங்கே அவசரப்பட்டால் அத்தனை உழைப்பும் வீண். போலீஸ் ஜீப்பில் போய் இறங்கினால் அன்று இரவே வீட்டைக் காலி செய்துவிடுவார். இரண்டு பேர், ஒருவர் பெண், சாதாரண உடையில், தெருவில் நின்று பேசாமல் போக வேண்டும். அக்கம்பக்கத்தில் ‘பேங்க்கில இருந்து வந்திருக்கோம்’ என்று பொய்யும் சொல்ல வேண்டாம், உண்மையையும் சொல்ல வேண்டாம். ‘தெரிஞ்சவங்க’ என்றால் போதும். அம்மாவுக்கு இரண்டாவது கல்யாணம் ஆகியிருக்கலாம். அந்த வீட்டில் முதல் பிள்ளையைப் பற்றித் தெரியாமலே இருக்கலாம். அவரைத் தனியே சந்திக்க வழி செய்யுங்கள்.

பேச்சு இப்படி இருக்கட்டும்: ‘அம்மா, உங்க மேல எந்தப் புகாரும் சொல்ல நாங்க வரலை. பிள்ளை நல்லா இருக்கான், படிக்கிறான். உங்களைப் பத்திக் கேட்கிறான். நீங்க இப்பவே கூட்டிட்டுப் போகணும்னு இல்லை. உங்க நிலைமை என்னன்னு தெரிஞ்சா அவனுக்கு என்ன செய்யலாம்னு யோசிக்கலாம்.’ இதில் எதுவும் பொய்யில்லை. சூழ்நிலை கைமீறிப் போய்ப் பிள்ளையை விட்டிருந்தால் அது வேண்டுமென்றே செய்த கைவிடல் ஆகாது என்று சட்டமே சொல்கிறது. அதைச் சொன்னாலே பாதிப் பேர் அழுது தீர்த்துவிட்டுப் பேசத் தொடங்குவார்கள். ஆனால் ‘வழக்கு வராது’ என்று உறுதி கொடுக்காதீர்கள், அது உங்கள் கையில் இல்லை.

பிள்ளையிடம் உடனே சொல்லாதீர்கள். ‘அம்மா கிடைச்சாச்சு’ என்று சொல்லி, அம்மா வராமல்போனால் பிள்ளை இரண்டாம் முறை உடையும். முதலில் குழு, பிறகு வீட்டு விசாரணை அறிக்கை, பிறகு ஆற்றுப்படுத்துநர் மூலம் பிள்ளை.

அதற்குப் பிறகு

கிடைத்தவுடன் ஒப்படைத்துவிட மாட்டார்கள். ஒப்படைக்கவும் கூடாது. வீடு எப்படி இருக்கிறது, குடி உண்டா, பிள்ளைக்கு விருப்பமா என்றெல்லாம் பார்த்துத்தான் குழு முடிவெடுக்கும். வறுமை மட்டுமே தடை என்றால் பிள்ளையை இல்லத்தில் வைத்திருக்கக் காரணமே இல்லை. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு மாதம் 4,000 ரூபாய். கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அப்பத்தாவோ தாய்மாமனோ வளர்க்க முன்வந்தாலும் இதைக் கேட்கலாம். இந்த விவரத்தை முதல் சந்திப்பிலேயே சொல்லாதீர்கள், பணத்துக்காகக் கூட்டிப்போகும் உறவினர்களும் இருக்கிறார்கள். விசாரணை முடிந்த பின் அலகே சொல்லட்டும்.

என்னால் முடியாது என்று தாய் சொன்னால் அவரைத் திட்டி அனுப்பாதீர்கள். குழுவின் முன் எழுதிக் கொடுத்து ஒப்படைக்கலாம். மறுபரிசீலனை செய்ய அவருக்கு இரண்டு மாதம் உண்டு. அந்த இரண்டு மாதத்தில் உறவுப் படத்தில் உள்ள மற்றவர்களைப் பாருங்கள். பெற்றவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். பிள்ளைக்குப் பூர்வீகத்தில் பங்கு இருக்கும். பங்காளிகள் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

இத்தனைக்கும் ஒரு தேடல் நோட்டு வேண்டும். தேதி, யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார், அடுத்து யார், எந்த அலுவலகத்துக்குக் கடிதம் போனது, பதில் வந்ததா. குழு ‘எல்லா முயற்சியும் செய்தாயிற்றா’ என்று கேட்கும்போது இதுதான் பதில். கிடைக்கவில்லை என்ற பதில்களையும் எழுதுங்கள். இல்லத்தில் வேலை செய்பவர் மாறிக்கொண்டே இருப்பார், நோட்டு இல்லாவிட்டால் புதிதாக வருபவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். பெற்றோர் கிடைக்காமலே பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டாலும் நோட்டின் நகல் கோப்பிலேயே இருக்க வேண்டும். தன் வேரைப் பற்றிக் கேட்டு அவன் ஒருநாள் அலுவலகத்துக்கு வருவான். அன்று அங்கே இருப்பவர் எடுத்துப் பார்க்கக்கூடிய இடத்தில், பிள்ளையின் பெயரும் குழுவின் உத்தரவு எண்ணும் மேலே எழுதி வையுங்கள்.